கடற்கரைத் தெருவில் ஒரு பந்தி

ஒரு நகரத்தை அறிய விரும்புவோர் அதன் கோட்டையையும் கோபுரத்தையும் நீதிமன்றத்தையும் நூல்நிலையத்தையும் காண்பது வழக்கம். அவையாவும் பிறர் காணவேண்டுமென்று அந்நகரம் விரும்பி எழுப்பியவை. தன்பால் வந்தடைந்த அயலாரை அது எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை அறிய வேண்டுமாயின், அவ்வயலார் எங்கே அடுப்பு மூட்டினர், அவர் சமைத்ததை யார் யார் உண்டனர் என்பவற்றை ஆராய்தல் வேண்டும். யான் கல்லூரியிற் சேர்ந்த நாள்தொட்டு விடுமுறை மாலைகளிற் சென்னைக் கடற்கரைப் பகுதித் தெருக்களில் நடந்து கண்டவற்றையும் உண்டவற்றையும், அவற்றால் என் உள்ளத்தெழுந்த சில எண்ணங்களையும் தோழர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

யான் பிறந்த ஊர் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம். மலைமேற் கோயிலும், செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தையும் அவ்வூரின் அடையாளங்கள். கடலுக்கும் எங்கட்கும் யாதொரு தொடர்புமில்லை. வானம் பொய்த்தால் கிணறும் பொய்க்கும் மேட்டுநிலம் அது. கேழ்வரகுக் களியும், கொள்ளுச் சாறும், புளி கரைத்த கீரைக் குழம்புமே எங்கள் வீட்டு உணவு. சந்தை நாளன்று தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒருங்கே ஒலிக்கும்; மாட்டின் விலையை எம்மொழியிலும் பேசி முடிப்பர். ஆயினும் பேரம் முடிந்தபின் அவரவர் சோற்று மூட்டையை அவரவர் மரநிழலிலே அவிழ்த்து உண்பதே அங்கு யான் கண்ட வழக்கம். மொழிகள் கலந்தன, பந்திகள் கலக்கவில்லை. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு படிப்போர்க்கே பின் வருவன நன்கு விளங்கும்.

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டு. அதன் கடைசி நிலையத்தில் இறங்குவோர் கடலைக் காண எண்ணினால் ஏமாறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்பெற்றபின் கடல் கிழக்கே ஒதுங்கிவிட்டது. முன்னாளில் அலைகட்கு எதிரே வரிசையாய் நின்ற வணிகக் கட்டடங்கள் இன்று துறைமுக மதிலையே நோக்கி நிற்கின்றன. ஆயினும் இராஜாஜி சாலைக்குப் பின்னுள்ள தெருவை மக்கள் இன்றும் ‘இரண்டாவது கடற்கரைச் சாலை’ என்றே வழங்குகின்றனர். கடல் போய்விட்டது, கடல் கொண்டுவந்து சேர்த்த மக்கள் போகவில்லை.

இப்பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர். 1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர் இம்மணற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபின், நெசவாளரும் தரகரும் துபாசிகளும் பல திசை வணிகரும் கோட்டைக்கு வடக்கே குடியேறினர். அவர்தம் வரலாறு தெருப்பெயர்களிலே ஒட்டிக்கிடக்கின்றது. பவழக்காரத் தெருவில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வணிகர் பவழம் விற்றனர். ஆர்மீனியர் தெரு நம் மக்கள் நாவில் அரண்மனைக்காரத் தெருவாயிற்று. அங்கு அரண்மனையும் இல்லை, அரசரும் இல்லை. 1772-இல் எழுப்பப்பெற்ற ஆர்மீனியத் திருக்கோயில் ஒன்றே உள்ளது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-இல் வெளிவந்ததும் இச்சென்னையிலேதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் 1937-இல் தாம்பரத்துக்குப் பெயரும்வரை இப்பகுதியின் எஸ்பிளனேடிலேயே இருந்தது. ஆதலின் அந்நாளைய மாணாக்கர் பலர் இத்தெருக்களை நம்மினும் நன்கு அறிந்திருப்பர்.

இனி உணவுக்கு வருவோம். தங்கசாலைத் தெருவில் நுழைந்தால் சௌகார்பேட்டை. கம்பெனியார் காசு அடித்த சாலை பெயரளவில் நிற்க, குசராத்தியரும் மார்வாரியரும் அங்கே குடிகொண்டுள்ளனர். மாலையில் அகன்ற இருப்புச் சட்டிகளில் ஜிலேபி சுழலும், கச்சோரி உப்பும், மண்குவளையிலும் கண்ணாடிக் குவளையிலும் லஸ்ஸி நுரைக்கும். வெங்காயமும் பூண்டும் உண்ணாத சமணர்க்கென அவையின்றிச் சமைத்துத் தருவோரும் அங்குளர். இவற்றுள் என்னைக் கவர்ந்தது ‘முறுக்கு சாண்ட்விச்’ என்னும் ஒரு விந்தைப் பண்டம். நம் வீட்டு முறுக்கு இரண்டின் நடுவே வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி வைத்து, பச்சைத் துவையல் தடவித் தருகின்றனர். முறுக்கு தமிழர்க்குரியது; துவையலும் கைப்பக்குவமும் வடவர்க்குரியன; பெயரோ ஆங்கிலம். இம்மூன்றையும் ஒன்று சேர்க்க எந்த மாநாடும் கூடவில்லை, எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. பசித்த மாணாக்கனும் விற்கத் தெரிந்த கடைக்காரரும் ஒரே தெருவில் வாழ்ந்ததே போதுமானதாயிற்று.

அங்கிருந்து கிழக்கே சிறிது நடந்தால் மண்ணடி. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்றுறைகளிலிருந்து வந்த தமிழ் முசுலிம் வணிகர் பலர் வாழும் இடம் அது. இரமலான் மாதத்து மாலைகளிற் பள்ளிவாயில்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவர். பச்சரிசியும் பாசிப்பருப்பும் இஞ்சியும் பூண்டும் வெந்தயமும் சேர்த்துக் குழையக் காய்ச்சிய அக்கஞ்சி, நோன்பிருந்தோர்க்கு மட்டுமன்றிப் பாத்திரம் ஏந்தி வருவோர் யாவர்க்கும் கிடைக்கும். விலை கொடுத்து உண்ணும் கடைகளைப் பற்றி எழுதப் புகுந்த யான், விலையின்றிக் கிடைக்கும் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

நிற்க. இக்கட்டுரைக்கு உயிராய் அமைந்த இடம் இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலைதோறும் தோன்றும் பர்மா உணவுக் கடைகளே. கடை என்பதும் மிகையே. தள்ளுவண்டி ஒன்று, அதன்மேல் வரிசையாய்க் கிண்ணங்கள், ஒருபுறம் சாறு கொதிக்கும் அண்டா, மற்றொருபுறம் தட்டுக்களின் அடுக்கு. இவ்வளவே. அங்கே ‘அத்தோ’ என்றால் கேளாதவர் இரார்.

அத்தோ என்னும் சொல்லுக்குப் பர்மிய மொழியில் ‘கலந்து பிசைந்தது’ என்பது பொருள். கோதுமை மாவில் இழைத்த தடித்த நூடுல்ஸைக் கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளுவார். அதன்மேல் மெல்லியதாய்ச் சீவிய முட்டைக்கோசு, வெங்காயம், உப்பு, மிளகாய்த் தூள், புளிக்கரைசல், பூண்டு பொரித்த எண்ணெய், பொன்னிறமாய் வறுத்த வெங்காயம் ஆகியவற்றை இட்டு, ‘பேஜோ’ என்னும் மொறுமொறுப்பான வடையை நொறுக்கிச் சேர்த்து, கையாலேயே பிசைந்து தருவார். பர்மியத்தில் ‘பே’ என்பது பருப்பு. ‘ஜோ’ என்பது பொரித்தது. உடன் வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணம். மீன்சாற்றில் அரிசி நூடுல்ஸ் இட்டுத் தருவது மொகிங்கா. இது பர்மியர் காலையுணவாய்ப் போற்றுவது. தேங்காய்ப்பாலில் அமைவது கவ்ஸ்வே. அவித்த முட்டையைப் பிளந்து, வறுத்த வெங்காயமும் காரமும் புளியும் அடைத்துத் தருவதும் ஒன்றுண்டு. அதனை ஒரே வாயில் இட்டுக்கொள்ளுதலே முறை என்பர்.

இவ்வுணவு இத்தெருவுக்கு வந்த வரலாறு இனியதன்று. கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852-இலும் மேற் பர்மாவை 1885-இலும் கைக்கொண்டனர். அதன்பின் நம் நாட்டிலிருந்து கூலிகளும் எழுத்தர்களும் வணிகரும் கப்பல் கப்பலாய்ச் சென்றனர். நகரத்தார் கொடுத்த கடன்பணத்தால் ஐராவதி ஆற்று முகத்தில் நெல் விளைந்தது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இரங்கூன் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். கொடுத்த கடனுக்கு ஈடாய் நிலங்கள் கைமாறியபோது மண்ணின் மக்கள் உள்ளத்திற் கசப்பு வளர்ந்தது என்பதையும் மறைத்தல் தகாது. 1941 டிசம்பரில் சப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். அடுத்த ஆண்டில் இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாய் இந்தியாவை அடைந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்தபின் மீண்டும் சென்றோரும் எஞ்சியிருந்தோரும் 1962-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் தத்தளித்தனர். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964 மேயில் ஐம்பது, நூறு சாட் நாணயத் தாள்கள் செல்லாதனவாயின. ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் நாட்டைவிட்டு வெளியேறினர். நகைகளையும் பெருந்தொகைகளையும் உடன் கொண்டுசெல்ல அவர்கட்கு இசைவு கிட்டவில்லை. ஒரு வாழ்நாளின் உழைப்பை அக்கரையில் விட்டு, சென்னைத் துறைமுகத்தில் வெறுங்கையோடு இறங்கியோர் பலர்.

வியாசர்பாடி முதலிய இடங்களிற் குடியிருப்புக்கள் அமைந்தன. 1969-இல் கடற்கரை நிலையத்தின் அருகே பர்மா பஜார் தோன்றிற்று. அங்கே கடை வைத்தவரும், கடை வைக்க முதலில்லாதவரும் ஒன்றை மட்டும் உடன் கொணர்ந்திருந்தனர். அஃது எச்சுங்கச் சாவடியிலும் பறிக்கவியலாதது. பிறந்த மண்ணின் சுவை நாவிலும், அதனைச் சமைக்கும் பழக்கம் கையிலும் இருந்தன. முட்டைக்கோசும் புளியும் இங்கும் கிடைத்தன; தண்டு தரும் வாழைக்குத் தமிழ்நாட்டிற் குறைவேயில்லை. இவ்வாறு தாயகம் என்று எண்ணி வந்த நாட்டில் அயலாராய்க் கருதப்பெற்ற தமிழர், தாம் இழந்த நாட்டின் உணவை விற்று இந்நாட்டில் வேரூன்றினர். இன்று அவ்வண்டிகளைச் சூழ்ந்து நிற்போரிற் பெரும்பாலோர் பர்மாவைப் படத்திலும் கண்டிலர்.

ஈதோர் புதுமை என்று சிலர் கருதலாம். பழந்தமிழ்ப் பட்டினங்களின் இயல்பே இதுதான் என்பதற்குப் பட்டினப்பாலை சான்று. யான் சொல்வது எங்கள் ஊருக்கு அண்மையில் தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டணத்தை அன்று. சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தை. அங்கே ஈழத்து உணவு வந்திறங்கியதையும், மொழிகள் வேறாகிய பல தேயத்தார் கலந்து இனிது வாழ்ந்ததையும் புலவர் பெருமையாய்க் கூறுகின்றார். அயலாரைக் கண்டு அஞ்சியதாக அவர் கூறவில்லை. அவரால் ஊர் சிறந்ததாகவே கூறுகின்றார்.

கடலோரத்தை விடுத்து எங்கள் காரிமங்கலத்துத் தட்டையே எடுத்துக்கொள்வோம். எங்கள் மண்ணுக்கே உரியதென்று நாங்கள் போற்றும் கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து சில ஆயிரம் ஆண்டுகட்கு முன் வந்தது. புளியும் ஆப்பிரிக்காவுக்கே உரியது என்பர் தாவர நூலார். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தன. கொலம்பசு 1492-இல் அக்கண்டத்தை அடைந்தபின்னர் ஐரோப்பியர் கப்பல்களில் இங்கு வந்தவை அவை. இன்றோ பாலக்கோட்டுத் தக்காளி ஊர் ஊராய்ச் செல்கின்றது. எங்கள் மானாவாரிக் காடுகளில் விளையும் மரவள்ளியும் தென்னமெரிக்காவில் பிறந்ததே. கொள்ளும் சாமையும் மாத்திரம் நம் நாட்டுக்கு உரியன என்று நெஞ்சுயர்த்திச் சொல்லலாம். தகடூர் என்னும் தருமபுரியை ஆண்ட அதியமானின் முன்னோரே இந்நிலத்துக்குக் கரும்பைக் கொணர்ந்தவர் என்று ஔவையார் புறநானூற்றிற் பாடியுள்ளார். அயல்மண்ணின் பயிரைக் கொணர்ந்ததைப் புகழாய்ப் பாடும் மரபு எங்கள் மாவட்டத்துக்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமிதமே.

விதையை ஏற்றுக்கொள்வது மண்ணுக்கு எளிது. உடன் உண்பவனை ஏற்றுக்கொள்வதே மனிதனுக்கு அரிது. இச்சென்னையிலும் முற்காலத்தில் உண்டிச்சாலைகள் பலவற்றிற் சாதிக்கோர் இடம் இருந்தது. இரயில் நிலைய உணவகங்களிற் பிராமணர்க்கும் மற்றோர்க்கும் தனித்தனி இடம் வைத்த வழக்கம் 1941-இல் தான் ஒழிந்தது. கடைகள், உண்டிச்சாலைகள், விடுதிகளுள் நுழைய எவரையும் சாதி, சமயம் முதலியவற்றால் தடுத்தலாகாது என்னும் விதி 1950 சனவரி 26 முதல் நம் அரசியலமைப்பில் உள்ளது. சட்டப் புத்தகத்தில் உணவுக்கடையைப் பெயர் சொல்லி எழுதவேண்டிய நிலை நம் நாட்டுக்கு இருந்தது என்பதை நினைத்தால் நாணமும், எழுதினார்களே என்று நினைத்தால் ஆறுதலும் உண்டாகின்றன.

என் பாட்டனார் அந்நாணத்தை நேரில் அறிந்தவர். இளமையில் எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் அவர்க்குக் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றினர். பிற்காலத்திற் கண்ணாடிக் குவளை வந்தது, ஆயினும் அது கூரையில் தனியே செருகி வைத்த குவளை. குடித்தபின் தாமே கழுவி அங்கேயே செருக வேண்டும். சென்ற ஆண்டு கண் மருத்துவத்தின்பொருட்டு அவர் சென்னைக்கு வந்திருந்தார். ஒருநாள் மாலை அவரை இரண்டாவது கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்றேன். வண்டியைச் சுற்றி அலுவலகத்தாரும், சுமை தூக்குவோரும், மாணவியர் சிலரும், தலையில் தொப்பியணிந்த முதியவர் ஒருவரும் நின்று உண்டுகொண்டிருந்தனர். பாட்டனார் சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். யான் அருகே சென்று கையைப் பற்றினேன். அவர் மெல்லக் குனிந்து, “கண்ணு, நம்மளுது எந்தத் தட்டு?” என்று வினவினார்.

கடைக்காரர் செவியில் அது விழுந்துவிட்டது. பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமலே, “அடுக்குல எது மேல இருக்குதோ அதுதான் உங்களுது, பெரியவரே” என்றார்.

பாட்டனார் மறுமொழி கூறவில்லை. உண்டார், புளி சற்று மிகுதி என்றும், வாழைத்தண்டுச் சாறு நன்றாயிருக்கின்றதென்றும் சொன்னார். உண்டு முடிந்ததும் தட்டைக் கழுவுதற்குத் தண்ணீர் வாளியைத் தேடினார். எழுபது ஆண்டுப் பழக்கம் அத்தகையது. கடைப்பையன் அதனை அவர் கையிலிருந்து வாங்கி, மற்றைத் தட்டுக்களோடு ஒன்றாய்த் தொட்டியில் இட்டான். அத்தட்டுக்களுள் எது அவர் உண்டது என்பதை அதன்பின் எவராலும் கண்டுகொள்ள முடியாது. பாட்டனார் அத்தொட்டியையே சிறிது நேரம் நோக்கி நின்றார். இரயிலில் திரும்பும்போது, அந்தக் கடைக்காரர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு முறை கேட்டார். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் என்றேன். “அவங்களும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க போல” என்று சொல்லி அமைந்தார்.

இது பற்றிப் பலகால் சிந்தித்த யான் கண்ட முடிவு ஒன்றே. உணவை விலக்குதல் வேறு, உண்பவனை விலக்குதல் வேறு. சமணர் வெங்காயத்தை விலக்குகின்றனர். முசுலிம்கள் பன்றியிறைச்சியை விலக்குகின்றனர். என் தாயார் வெள்ளிக்கிழமைகளிற் புலால் சமைப்பதில்லை. இவை யாவும் அவரவர் நோன்பு, பிறர்க்கு இழுக்கில்லாதவை, இவற்றால் ஊரின் சுவை பலவாகின்றது. ஆனால், ‘இவ்வுணவு எனக்கு வேண்டாம்’ என்று நாவளவில் நிற்க வேண்டிய சொல், ‘நீ என் பக்கத்தில் வேண்டாம்’ என்று மாறும் நொடியில் நோன்பு நீங்கித் தீமை புகுகின்றது. சௌகார்பேட்டையும் மண்ணடியும் இரண்டாவது கடற்கரைச் சாலையும் ஒன்றையொன்று விழுங்கிவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் அடுப்பைத் தனியே காத்துக்கொண்டுள்ளது. இருப்பினும் எவ்வடுப்பின் முன்னும் காசோடு வந்து நிற்பவனை யார் என்று கேட்பாரில்லை.

நகரம் குற்றமற்றதென்று யான் சொல்ல வரவில்லை. தெருவில் ஒன்றாய் நின்று உண்போர், வீடு வாடகைக்கு விடும்போது சாதியையும் உணவையும் துருவிக் கேட்பதைப் பலர் அறிவர். இரட்டைக் குவளை முறை எங்கள் மாவட்டத்தினின்றும் அடியோடு மறைந்துவிட்டதென்று துணிந்து கூறவும் இயலவில்லை. ஆயினும் ஒன்று நிகழக்கூடும் என்பதற்கு அது நிகழ்ந்த இடமே வலிய சான்று. அந்த வண்டிக்காரர் அறநூல் எதனையும் எடுத்துக்காட்டவில்லை. அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தார், அவ்வளவே.

தோழர்களே! கன்னியாகுமரியையும் காசுமீரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை எங்கள் காரிமங்கலத்தை ஒட்டியே செல்கின்றது. அதன் ஓரங்களில் இன்று வடநாட்டு லாரிக்காரர்க்கு ரொட்டி சுடும் தாபாக்கள் உள்ளன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்த இளைஞர் தகரக் கொட்டகைகளிற் கூடிச் சமைத்து உண்கின்றனர். ஒரு காலத்தில் நம்மவர் இரங்கூனில் எவ்வாறு வாழ்ந்தனரோ அவ்வாறே அவர் இங்கு வாழ்கின்றனர். அவர்தம் அடுப்பிலிருந்தும் நாளை எங்கள் சந்தைக்கு ஒரு புதுச் சுவை வரும் என்பது திண்ணம். அன்று அவரை எவ்விடத்தில் நிறுத்தி, எத்தட்டில் உண்பிக்கப் போகின்றோம் என்பதை இன்றே நாம் முடிவு செய்தல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஊர்த் தேநீர்க்கடையில் ஒருநாள் சற்றுநேரம் அமர்ந்து, குவளைகள் எவ்வாறு அடுக்கப்பெற்றுள்ளன என்பதைக் கூர்ந்து நோக்குக. வேற்றுமை காணின் வாளாவிருத்தல் வேண்டா. கற்ற கல்வி அதற்கும் பயன்படாதாயின் வேறெதற்குப் பயன்படும்? அடுப்புக்கள் பலவாகுக, பந்தி ஒன்றாகுக.